பாதி எரிந்த கரி

அத்தியாயம் 9

மூன்று மாதமாக ஓர் உண்மையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதற்கு மேலேயே தேநீர் குடித்து, ரொட்டி தின்று, தூங்கி எழுந்துகொண்டிருந்தார் தெமிர்பெக்.

அதனால் யாருக்கும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை என்று நேற்று சாயங்காலம் வரைக்கும் அவரால் சொல்லிக்கொள்ள முடிந்தது. பிறகு போன் வந்தது.

பண்ணியவர் சம்பந்தி ஷர்ஷென். மருமகள் புருலின் அப்பா. மலையூர் கோச்கோரிலிருந்து சுருக்கமாகத்தான் பேசினார்.

"நாளைக்கு மூணு மணிக்கு லாரி வருது. சிவப்பியைக் குடுத்துடறேன். புருல் வருத்தப்படுவா, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

சிவப்பி சினைக் குதிரை. ஷர்ஷென் வீட்டில் மிச்சமிருந்த ஒரே உயிர். அக்டோபரில் கொட்டகை எரிந்து, குளிர்காலத்துக்கென்று கூரை வரை அடுக்கியிருந்த புல் அத்தனையும் சாம்பலான பிறகு முதலில் ஆடுகள் போயின. அப்புறம் மாடு. இப்போது இவள்.

நெருப்பு எப்படிப் பிடித்தது என்று ஊருக்கே தெரியும். சம்பந்தி வீட்டார் முதல்முறை விருந்துக்கு வருகிற பரபரப்பில், ஷர்ஷென் தேநீருக்கு வெந்நீர் போடும் சமோவாரின் கரிக் கங்கைச் சரியாக அணைக்காமல் விட்டுவிட்டார். அவரே சொன்னார். எரிந்த கொட்டகை முன்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர் கேட்கச் சொன்னார்.

அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று தெமிர்பெக் நினைத்துக்கொண்டிருந்தார்.

*

தலைநகர் பிஷ்கெக்கில் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்கும் சூரியன் கஞ்சியில் விழுந்த மஞ்சள் கருவைப் போலத் தெரிந்தது. ஊர் முழுக்க நிலக்கரிப் புகை. அதற்கு மேல் வண்டிப் புகை.

இரும்புக் கதவுகள் வரிசையாக நிற்கும் மெக்கானிக் தெருவில் தெமிர்பெக்கின் ஷெட் ஏழாவது. ஜெர்மனியில் ஓடித் தேய்ந்து இங்கே வந்து சேரும் டீசல் வண்டிகளுக்கு அவர்தான் பெரிய டாக்டர். சைலன்ஸருக்கு முன்னால் ஒரு டப்பா. அதற்குள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பில்டர். புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி நிறைந்தால் வண்டி தானாகவே அதை எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நெடுஞ்சாலை வேண்டும், வேகம் வேண்டும், இருபது நிமிஷம் நிற்காத ஓட்டம் வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் உருட்டினால் கரி அடைத்து, டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரியும். வண்டி மூச்சுவாங்கும்.

தெருவில் மற்றவர்களெல்லாம் அதற்கு ஒரே வைத்தியம்தான் செய்வார்கள். டப்பாவை அறுத்து, உள்ளே இருப்பதைத் தட்டிக் கொட்டி, வெறும் கூட்டை மூடி ஒட்டிவிடுவார்கள். தெமிர்பெக் அறுக்க மாட்டார். கழற்றுவார், கழுவுவார், மறுபடி மாட்டுவார். அதில் அவருக்கு ஒரு கர்வம்.

"தெமிர்," எட்டாம் நம்பர் ஷெட்டிலிருந்து கோல்யா எட்டிப் பார்த்தான். அறுப்பதில் மன்னன். "உன் சொந்த வண்டியிலேயே ஆரஞ்சு விளக்கு எரியுது பாரு. வைத்தியர் வீட்டுல ராத்திரி பூரா இருமல்."

"உன் வேலையைப் பாரு."

"கால் மணி நேரம்யா. அறுத்துக் கொட்டிடறேன். நீ என்னமோ பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி அதைக் கழுவிக் கழுவி..."

"நீ கொட்டற கரியெல்லாம் எங்க போகுதுன்னு நினைக்கற? மேல பாரு. அதைத்தான் நீயும் நானும் மூச்சா இழுத்துக்கிட்டிருக்கோம்."

"எல்லாரும் இழுக்கறதை நானும் இழுத்துட்டுப் போறேன்," என்று கோல்யா சிகரெட்டைப் பற்றவைத்தான்.

வேறொரு நாளாக இருந்தால் தெமிர்பெக் இன்னும் இரண்டு வார்த்தை கொடுத்திருப்பார். இன்றைக்குக் குனிந்து வேலையைப் பார்த்தார். கோல்யாவிடம் அந்த வண்டியை அன்றே விட்டிருந்தால், அந்தப் பில்டரை அறுத்தே போட்டிருந்தால், கோச்கோரில் இன்றைக்கு ஒரு கொட்டகை நின்றுகொண்டிருக்கும். கர்வம் செய்த வேலை.

அக்டோபருக்குப் பிறகு அந்த வண்டியை அவர் ஊர் எல்லைக்கு வெளியே எடுக்கவே இல்லை. வீட்டுக்கும் ஷெட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர். அவ்வளவுதான். அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

"மாமா."

வாசலில் புருல் நின்றிருந்தாள். தலையில் வெள்ளை முக்காடு, கையில் ஒரு துணி மூட்டை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த நேரத்தில் வகுப்பில் இருக்க வேண்டியவள்.

"லீவு போட்டுட்டேன். அத்தை சொன்னாங்க, சிவப்பியைப் பத்தி." மாமனார் முகத்தை நேராகப் பார்க்காமல், ஆனால் தெளிவாகப் பேசினாள். "உங்க பிள்ளை வேலையா நாரின்ல இருக்கார், வர முடியாது. பஸ் பத்து மணிக்கே போயிடுச்சு. லாரிக்கு முன்னாடி நான் அங்க இருக்கணும் மாமா. ஒரு தடவை அவ கழுத்தைக் கட்டிக்கிட்டா போதும்."

மூட்டையிலிருந்து போர்சோக்கின், எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளின், வாசனை வந்தது. மனைவி ஜிர்கல் விடிகாலையிலேயே எழுந்து பொரித்திருக்கிறாள்.

தெமிர்பெக் கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்து முடிக்கும்போது முடிவு எடுத்துவிட்டார்.

"வா. எப்படியும் இந்த வண்டிக்கு ஒரு நீள ஓட்டம் வேணும்."

லாரிக்கு முன்னால் போய், வாயைத் திறந்துவிட வேண்டும். ஒரு குதிரையையாவது காப்பாற்ற வேண்டும்.

*

புருல் பின் சீட்டில் ஏறப் போனாள். மருமகள் மாமனாருக்குப் பக்கத்தில் உட்காரும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"முன்னாடி வாம்மா. இந்தப் பெட்டியைப் பார்த்து எனக்கு ஆள் படிச்சுச் சொல்லணும். நான் ரோட்டைப் பார்ப்பேனா, இதைப் பார்ப்பேனா?"

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிய வயரின் மறுமுனையில், உள்ளங்கை அளவில் சோதனைப் பெட்டி. அதை மடியில் வைத்துக்கொண்டு, கதவோரமாக ஒட்டி உட்கார்ந்தாள்.

தோக்மாக் ஊரைத் தாண்டினார்கள். பூம் கணவாயில் ஆறு இரண்டு கரையிலும் உறைந்து, நடுவில் மட்டும் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"மிர்லான் பேசறானா?" என்று கேட்டு வைத்தார். புருலின் தம்பி. ரஷ்யாவில் வேலை கிடைத்து, நெருப்புக்கு மறுவாரமே கிளம்பிப் போனவன்.

"அப்பாகிட்ட பேசறான் போல. நல்ல வேலைன்னு அப்பா சொன்னாங்க." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏரிப் பக்கம் போகாமல் கோச்கோர் சாலையில் திரும்பி, ஓர்தோ-தோகோய் அணையின் வெள்ளைப் பரப்பு தெரிந்தபோது வண்டியின் சத்தம் மாறியது. ஒரு சுருதி ஏறியது. தெமிர்பெக்குக்கு அது காதில் விழுவதற்கு முன்னால் உள்ளங்காலில் தெரிந்துவிடும்.

"மாமா, நம்பர் ஏறிக்கிட்டே போகுது. நானூத்து முப்பது. நாப்பத்தஞ்சு."

"ஆரம்பிச்சிடுச்சு. அறுநூறு டிகிரி வரைக்கும் போகும். பயப்படாதே. உள்ள அடைச்சிருக்கிற கரி எரியுது."

"எரிஞ்சு தீர்ந்துடுமா?"

"கரி தீர்ந்துடும். சாம்பல் கொஞ்சம் உள்ளயே தங்கும். அது எரியாது. கழட்டிக் கழுவினாத்தான் உண்டு."

புருல் பொத்தானை அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போனாள். கணக்கு டீச்சர். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் கிடையாது.

"இதுல பழசெல்லாம் இருக்கு மாமா. செப்டம்பர் இருபது, எரிப்பு முடிந்தது. அதுக்கப்புறம்..."

தெமிர்பெக் எட்டிப் பிடுங்கியிருக்கலாம். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"அக்டோபர் பன்னிரண்டு. மதியம் ரெண்டு அம்பது. எரிப்பு பாதியில் நிறுத்தப்பட்டது."

அணையின் பனிமேல் இரண்டு பேர் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. அவர்கள் கண்ணாடியில் புள்ளியானார்கள்.

"பாதியில நிறுத்தினா என்ன ஆகும் மாமா?"

இதே கேள்வியை ஷெட்டில் தினம் நாலு பேர் கேட்பார்கள். பதில் மனப்பாடம். பாதியில் நிறுத்தாதீர்கள். அப்படி நிறுத்த வேண்டி வந்தால் வெறும் தரையில் நிறுத்துங்கள். அடுப்பு மாதிரி கொதிக்கும். காய்ந்த புல் மேல், சருகு மேல் மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

"ரொம்பச் சூடா இருக்கும்," என்றார். "கீழ... கீழ எதுவும்..."

கியரை மாற்றினார்.

"அன்னிக்கு எங்க வாசல் சேறா இருந்தது," என்றாள் புருல். மெதுவாக, கரும்பலகையில் படி படியாக எழுதுவது போல. "சம்பந்தி வீட்டார் செருப்புல சேறு ஒட்டக் கூடாதுன்னு அப்பா கேட்லேர்ந்து கொட்டகை வரைக்கும் புதுப் புல்லைப் பரப்பினாங்க. நல்ல புல்லு. உதறி உதறிப் பரப்பினாங்க. நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்."

"ஆமா."

"நீங்க அது மேல வந்து நிறுத்தினீங்க."

"ஆமாம்மா."

"ரெண்டு அம்பதுக்கு."

தெமிர்பெக் தலையை ஆட்டினார். ஆட்டியதை அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

"வண்டியை நிறுத்துங்க மாமா."

"புருல்..."

"நிறுத்துங்க. நான் இறங்கணும்."

"இப்ப முடியாதும்மா. எரிஞ்சுக்கிட்டிருக்கு. இன்னும் பத்து நிமிஷம்..."

அவள் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"அன்னிக்கு மட்டும் முடிஞ்சுதா?"

*

அன்றைக்கு முடிந்தது. அதுதான் கஷ்டம்.

கேட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னாலேயே அவருக்குத் தெரியும். உள்ளங்கால் சொல்லிவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் நெடுஞ்சாலையில் ஓட்டித் திரும்பியிருந்தால் போதும். ஆனால் கேட் முன்னால் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஷர்ஷென் புளித்த குதிரைப்பாலான குமிஸ் நிறைந்த கிண்ணத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. பெண்கள் தட்டு தட்டாகப் போர்சோக் வைத்துக்கொண்டு. முதல்முறை வரும் சம்பந்தி, கிண்ணம் ஏந்தி நிற்பவரைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாமல் தாண்டிப் போனால், அந்த உறவில் அப்புறம் எதை ஒட்டினாலும் ஒட்டாது.

பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தார். ஆயிரம் பேருக்குச் சொன்ன புத்தி தன் விஷயத்தில் லீவு போட்டுவிட்டது.

நிறுத்தினார். இறங்கும்போது இன்ஜின் விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்டது. கேட்காத மாதிரி குமிஸை வாங்கிக் குடித்தார்.

உள்ளே அவருக்கு மரியாதைக்கு ஆட்டுத்தலை வைத்தார்கள். காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுக்கக் கத்தியை எடுத்தபோதுதான் வாசனை வந்தது. காய்ந்த புல் எரியும் வாசனை. மற்றவர்கள் அது சமோவார் புகை என்று நினைத்தார்கள். அவர் ஒரு நொடியும் அப்படி நினைக்கவில்லை.

வெளியே ஓடி வந்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "தண்ணி" இல்லை. "வண்டியை எடு."

மகன் அஸாத் புகைக்குள் புகுந்து வண்டியை எடுத்தான். புல் மேல் ஓடிய நெருப்பு கொட்டகைக்குள் போய்விட்டது. கொட்டகைப் பக்கத்தில் சமோவார் நின்றிருந்தது. வண்டி அங்கே இல்லை. ஊர் சமோவாரைப் பார்த்தது.

*

பனியை ஒதுக்கிய கறுப்புச் சாலையில் அவர்கள் கோச்கோரை நெருங்கியபோது மணி இரண்டே முக்கால்.

புருல் இறங்கவில்லை, அழவும் இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு. அறுநூற்றுப் பத்து.

"லாரி வந்தாச்சு," என்றாள்.

கேட் முன்னால் லாரி பின்பக்கம் திரும்பி நின்றிருந்தது. பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் அடியில் ஷர்ஷென், ஒரு கையில் சிவப்பியின் கயிறும் மறு கையில் ஒரு பிடிப் புல்லுமாக. கடைசி வாய்த் தீனி. குதிரை அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.

தெமிர்பெக் கேட்டுக்குள் போகவில்லை. தார்ச்சாலையிலேயே, பனிகூட இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை.

"வாங்க சம்பந்தி, வாங்க," என்று ஷர்ஷென் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "எதுக்கு இவ்வளவு தூரம்? ஒரு குதிரைக்காகவா? பொண்ணுக்குத்தான் புத்தியில்ல, நீங்களுமா? உள்ள ஓட்டிட்டு வாங்க, ஏன் ரோட்டுலயே நிக்கறீங்க?"

"அந்தப் புல்லைக் குடுங்க."

"எந்தப் புல்லு?"

தெமிர்பெக் அவர் கையிலிருந்த மிச்சப் புல்லை வாங்கினார். கோட்டோடு ரோட்டில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்து, கொதிக்கிற டப்பாவின் மேல் அந்தப் புல்லை ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்தார்.

முதலில் வாசனை. அப்புறம் ஒரு நூல் புகை. ஷர்ஷென் குனிந்தார். குனிந்தபடி பார்த்துக்கொண்டே இருக்கும்போது புல் சிவந்து, சுருண்டு, குப்பென்று பிடித்தது.

தெமிர்பெக் அதைத் தட்டி வெளியே தள்ளி, கையால் அடித்து அணைத்தார். எழுந்திருக்காமல் ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சமோவார் இல்ல சம்பந்தி. என் வண்டி. அன்னிக்கே எனக்குத் தெரியும். நிறுத்தும்போதே தெரியும்."

லாரிக்காரன் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டு இவர்களைப் பார்த்தான். சிவப்பி மென்றுகொண்டிருந்தது.

ஷர்ஷென் திட்டுவார் என்று தெமிர்பெக் காத்திருந்தார். அடித்தாலும் சரி என்றிருந்தார். மூன்று மாதத்தில் இந்தக் காட்சியை ஐம்பது விதமாக மனசுக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார். எதிலும் ஷர்ஷென் இப்படிக் கேட்கவில்லை.

"அப்ப சிகரெட் இல்லையா?"

"என்ன சிகரெட்?"

"சமோவார் இல்லன்னு எனக்கும் தெரியும்." ஷர்ஷென் கருகிய புல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரெண்டு செம்பு தண்ணி ஊத்தி நானே அணைச்சேன். ஜில்லுன்னு இருந்தது. ஆனா கொட்டகைக்குப் பின்னாடி மிர்லான் நின்னு சிகரெட் குடிச்சதைப் பார்த்தேன். அவன் பேர் ஊர் வாயில விழக் கூடாதுன்னு சமோவார்னு சொன்னேன். என் தலையில போட்டுக்கிட்டேன்."

"அப்பா," என்றாள் புருல்.

"ஊருக்கு முன்னாடி காப்பாத்தினேன். வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் அறைஞ்சேன். 'என் கண்ணுல படாதே'ன்னேன். 'நான் அணைச்சுட்டுத்தான்ப்பா போட்டேன்'னான். நம்பலை. அவன் ரஷ்யாவுக்கு வேலைன்னு போகலை சம்பந்தி. நான் துரத்தினேன். மூணு மாசமா போன் இல்ல, விலாசம் இல்ல. நல்லா இருக்கான்னு எல்லார்கிட்டயும் நானாத்தான் கதை விட்டுக்கிட்டிருக்கேன்."

கயிற்றை விரலில் சுற்றினார்.

"இவளை விக்கறது, கூடவே எரிஞ்ச பக்கத்து வீட்டுப் புல்லுக்கு ஈடு குடுக்கன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் ஆட்டோடயே முடிஞ்சது. இது அவனைத் தேடிப் போகறதுக்கு."

ஒரு குதிரையைக் காப்பாற்ற வந்த தெமிர்பெக்குக்கு, அதற்குப் பின்னால் ஒரு பிள்ளை நிற்பது அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதம். தொண்ணூறு ராத்திரியில் ஏதோ ஒன்றில் ஒரு போன் பண்ணியிருந்தால் போதும். 'சம்பந்தி, அது என் வண்டி' என்று நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தையைத் தன் பேரைக் காப்பாற்றத்தான் விழுங்கினார். அது எங்கேயோ ஒருவன் தொண்டையில் முள்ளாகப் போய் நின்றிருக்கிறது.

"பெரியவரே," என்றான் லாரிக்காரன், "வெளிச்சம் இருக்கும்போதே நான் கணவாயைத் தாண்டணும். ஏத்தறதா, வேண்டாமா?"

"வேண்டாம்," என்றாள் புருல்.

ஷர்ஷென் திரும்பினார்.

"கயிறைக் குடுக்காதீங்கப்பா. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்." முக்காடு காற்றில் அவிழ்ந்து தோளில் விழுந்தது, அவள் எடுத்துப் போடவில்லை. "யெகதெரின்புர்க்ல ஒரு கிடங்குல மூட்டை அடுக்கறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்கிட்ட பேசுவான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ரொட்டி மேல சத்தியம் வாங்கிட்டான். அவனும் தன்னோட சிகரெட்தான்னு நம்பிட்டான்ப்பா. முதல்ல இல்லன்னுதான் நினைச்சிருந்தான். நீங்க அறைஞ்சப்புறம் அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு. நல்லா அணைச்சேனா, அணைக்கலையான்னு. நானும் நம்பிட்டேன். அதனாலதான் நீங்க சமோவார்னே சொல்லிக்கிட்டிருந்தப்ப நான் வாயைத் திறக்கலை."

யார் முகத்தையும் யாரும் பார்க்க முடியாமல் மூன்று பேரும் ஒரு குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போடு," என்றார் ஷர்ஷென். "இப்பவே போடு. நான் பேசறேன். இல்ல... முதல்ல இவர் பேசட்டும். இவர் சொன்னாத்தான் நம்புவான்."

புருல் எண்ணை அழுத்தி, எல்லாரும் கேட்கும்படி வைத்தாள். மணி அடித்தது. தெமிர்பெக் எழுந்து நின்று, கரி படிந்த கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். பேச வேண்டிய நாலு வார்த்தையை வாய்க்குள் அடுக்கினார். இந்தத் தடவை விழுங்கப் போவதில்லை.

ஏழாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ?" என்றது ஒரு வயசான ஆம்பிளைக் குரல். ரஷ்ய மொழியில்.

மிர்லான் இல்லை.

புருல் ரஷ்ய மொழியில் கேட்டாள். பதில் நிதானமாக வந்தது. அந்தப் போன் இப்போது என்னுடையது. அந்தப் பையன் என்னிடம் விற்றுவிட்டான். டிக்கெட்டுக்குக் குறைந்தது, அதனால் விற்றான். திங்கட்கிழமையே கிளம்பிவிட்டானே, ரயிலில். ஊருக்கு.

"ஊருக்கா?"

ஆமாம். நாங்கள்கூடச் சொன்னோம், இந்தக் குளிரில் போகாதே, வேலை போய்விடும் என்று. கேட்கவில்லை. 'எங்கள் வீட்டுக் கொட்டகையை நான்தான் எரித்தேன், அதை அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் தூக்கம் வரும்' என்றான். ஏன், இன்னும் வந்து சேரவில்லையா?

திங்கட்கிழமை ரயில் ஏறினால் வியாழக்கிழமை பிஷ்கெக். மூன்று மணி நேரத்தில் கோச்கோர். நேற்றே இந்தக் கேட்டைத் தட்டியிருக்க வேண்டும். புருல் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேரும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டார்கள்.

செய்யாத தப்பைச் சொல்ல ஒருவன் அவ்வளவு தூரத்திலிருந்து புறப்பட்டிருக்கிறான். செய்தவர் மூன்று மாதமாக வீட்டுக்கும் ஷெட்டுக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஷர்ஷென் சிவப்பியின் நெற்றியில் ஒரு தடவை உள்ளங்கையை வைத்தார். கயிற்றை லாரிக்காரனிடம் கொடுத்தார்.

"அப்பா..."

"தேடறதுக்குக் கையில ஏதாவது இருக்கணும் கண்ணு."

பலகையில் குளம்புச் சத்தம் நாலு முறை கேட்டது. அப்புறம் கதவுச் சத்தம்.

ஷர்ஷென் வீட்டுக்குள் போய் ஒரு முழு ரொட்டியோடு வந்தார். வாசலுக்கு வந்தவர்களை ரொட்டி தொடாமல் திருப்பி அனுப்புவது அந்த வீட்டில் கிடையாது. எந்த வீட்டிலும் கிடையாது. பிட்டுப் பாதியை மகளுக்குக் கொடுத்தார். மீதியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தெமிர்பெக் பக்கம் நீட்டவில்லை. மறந்த மாதிரியும் இல்லை.

முன் கதவைத் திறந்து, புருல் உட்கார்ந்து வந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"பிஷ்கெக் ரயிலடிக்கு ஓட்டுங்க சம்பந்தி," என்றார், நேர் எதிரே ரோட்டைப் பார்த்தபடி. "வழியில எங்கயும் நிறுத்த வேண்டாம்."

புருல் பின்னால் ஏறினாள். தெமிர்பெக் ஸ்டியரிங்குக்கு வந்தார். இன்ஜின் இப்போது இரைச்சலில்லாமல், புதிதாக வாங்கிய அன்றைக்குப் போல மெத்தென்று ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே மிச்சக் கரியையும் எரித்து முடித்திருந்தது. டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு அணைந்திருந்தது.

மூன்று மாதத்துக்குப் பிறகு வண்டி நன்றாக மூச்சு விட்டது. உள்ளே இருந்த மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.